உள்ளூர் அம்பயர்

எங்கள் தெருக் கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. கிடையாது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எண்பதுகளில் வளர்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். போல்டு உண்டு, கேட்ச் உண்டு, ரன் அவுட் உண்டு. அடித்த பந்து தரையில் படாமல் எதிர்வீட்டு காம்பவுண்டுக்குள் போய் விழுந்தால் அதுவும் அவுட். ஆனால் ஸ்டம்பாக வைத்த மூன்று செங்கல்லையும் முழங்காலால் மறைத்துக்கொண்டு நிற்பவன் மேல் பந்து பட்டால், "கால்ல பட்டுச்சு, அடுத்த பால் போடு" என்பதோடு சரி. அம்பயராக நிற்பவன் பேட்டிங் டீம் ஆள். அடுத்து பேட்டைப் பிடிக்கப் போகிறவன். ரன் அவுட்டுக்கே அம்மா மேல் சத்தியம் கேட்கிற தெருவில், அவன் வாயிலிருந்து எல்.பி.டபிள்யூ. வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? ஆகவே அந்த விதியையே தூக்கிவிட்டோம். இந்தியாவின் எல்லாத் தெருக்களும் ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன.

யோசித்தால் அது புத்திசாலித்தனமான முடிவு. மற்ற அவுட்டுகள் எல்லாம் நடந்துவிட்ட காரியங்கள். ஸ்டம்பு சாய்ந்தது, பந்து கைக்குள் போனது, கோட்டுக்கு வெளியே நின்றான். எல்.பி.டபிள்யூ. மட்டும் நடக்காத ஒன்றைப் பற்றிய தீர்ப்பு. கால் குறுக்கே வராமல் இருந்திருந்தால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று ஒரு மனிதர் சொல்கிறார். இருபத்திரண்டு பேர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் கண்ணை நம்பினால் மட்டும் போதாது, அவர் மனசையும் நம்ப வேண்டும்.

அந்த நம்பிக்கை எங்கள் ஊரில் லேசில் கிடைக்கக்கூடியதல்ல. நெய்வேலி தானாக வளர்ந்த ஊர் இல்லை. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டப் போய்க் கறுப்பாக ஏதோ வந்த கதையை எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் சொல்வார்கள். அது பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் அதை வெட்டியெடுக்கும் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அதன் பிறகு வட்டம் வட்டமாக எண் போட்டு எழுப்பிய ஊர் இது. ஒருவர் எந்த டைப் குவார்ட்டர்ஸில் இருக்கிறார் என்று தெரிந்தால் அவர் பதவி தெரியும், சம்பளமும் ஏறக்குறைய தெரியும். ஞாயிற்றுக்கிழமை பந்து போடுகிறவரும் பேட் பிடிக்கிறவரும் திங்கட்கிழமை ஒரே பிரிவில் மேலும் கீழுமாக இருப்பார்கள். நடுவில் நிற்கிற அம்பயரும் அதே ஊர்தான், அதே ஷிப்ட்தான்.

(நடுவர் என்பது நல்ல தமிழ்ச் சொல். பத்திரிகையில் அதைத்தான் எழுதுகிறோம். மைதானத்தில் யாரும் "நடுவரே" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இந்தக் கட்டுரையில் அவர் அம்பயராகவே இருக்கட்டும்.)

எங்கள் வட்டத்துப் பக்கம் அப்படி அம்பயராக நிற்கிற ஒரு பெரியவர் இருந்தார். பணிமனையில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து, குளித்துவிட்டுத் தூங்காமல் நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார். பள்ளி ஆய்வகத்தில் போடுவது போன்ற வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி, பையில் ஆறு கூழாங்கற்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கல் இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். பந்துவீச்சாளர்கள் தொப்பியையும் ஸ்வெட்டரையும் அவர் இடுப்பிலும் தோளிலும் மாட்டிவிடுவார்கள். பத்தாவது ஓவருக்குள் அவர் துணி காயப்போட்ட கொடிக்கம்பி மாதிரி ஆகிவிடுவார். செம்மண் தரை, மேலே விரித்த மேட்டிங், பங்குனி வெயில். குடை கிடையாது.

ஒரு நாள் அவருடைய பிரிவின் தலைமை அதிகாரியே பேட்டிங். பந்து உள்ளே திரும்பி முன்காலில் பட்டது. பந்துவீசிய பையன் ஒருவன்தான் அப்பீல் கேட்டான். மற்றவர்களுக்குத் தொண்டை வரவில்லை. பெரியவர் ஒரு கணம் குனிந்து கல்லை மாற்றினார். பிறகு விரலை உயர்த்தினார். அதிகாரி ஒரு வார்த்தை சொல்லாமல் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஷிப்டில் என்ன நடந்தது என்று பல வருடம் கழித்து நான் அவரிடம் கேட்டேன். "என்ன நடக்கும் தம்பி? வேல நடந்துச்சு" என்றார்.

சேப்பாக்கத்தில் ஒரு விரல்

உள்ளூர் அம்பயர் என்றால் என்ன என்று எனக்கு முதலில் உறைத்தது 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை மாலை. சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட்டின் கடைசி நாள். ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் ஏழு விக்கெட்டுக்கு 574. அந்த வெக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் 210 அடித்த ஆட்டம் அது. இந்தியாவுக்கு இலக்கு 348. பள்ளிவிட்டு ஓடிவந்து டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்தோம்.

கடைசி ஓவர் கிரெக் மாத்யூஸ். நான்கு ரன் வேண்டும், கையில் ஒரு விக்கெட். சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று. ஸ்கோர் சமம். மீதி மூன்று பந்து, எதிரில் நிற்பது மணிந்தர் சிங். நான்காவது பந்தைத் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. அம்பயர் விக்ரம் ராஜு விரலை உயர்த்தினார். டை. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு முறை, 1960-ல் பிரிஸ்பேனில் மட்டுமே நடந்தது.

அந்த நிமிடத்தில் அந்த மனிதர் நின்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். மைதானம் நிறைய இந்தியர்கள். எதிரணி வெளிநாடு. அம்பயர் இந்தியர். விரலை இறக்கி வைத்திருந்தால் ஒருவரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். பேட்டில் பட்டது என்று மணிந்தர் அன்றைக்கும் சொன்னார், அதன் பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டிருக்கலாம். ரீப்ளே பார்த்துத் திருத்த வழியில்லாத காலம். விக்ரம் ராஜுவுக்கு அது இரண்டாவது டெஸ்ட். அதுவே கடைசி டெஸ்ட்டும்.

சொந்த அணிக்குச் சாதகமாகத் தப்பு செய்த அம்பயர்கள் பற்றி உலகம் முழுக்க ஆயிரம் கதை உண்டு. சொந்த அணிக்கு எதிராக, அதுவும் அந்தக் கணத்தில் விரலை உயர்த்தியவர் பற்றி ஒரு கதைதான் நமக்கு இருக்கிறது. அதையும் தப்பு செய்தவர் கதையாகவே சொல்லி வருகிறோம்.

அடுத்த இரண்டு மாதத்துக்குள் வேறொரு காரியம் நடந்தது. 1986 நவம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் பாகிஸ்தானுக்கு வந்தபோது, எங்கள் அம்பயர்களை வைத்து ஜெயித்தோம் என்ற பேச்சே வேண்டாம் என்று பாகிஸ்தான் கேப்டன் இம்ரான் கான் முடிவு செய்தார். லாகூர் டெஸ்ட்டுக்கு இந்தியாவிலிருந்து வி.கே.ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் போனார்கள். இந்தியாவில் 'உள்ளூர் அம்பயர்' என்று சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவர்கள், எல்லை தாண்டியதும் பொதுவானவர்கள் ஆகிவிட்டார்கள். ஆள் அதே ஆள்தான், மாறியது ஊர் மட்டும். 1992-ல் ஐ.சி.சி. இதைப் பரிசோதனையாக எடுத்துக்கொண்டது. 1994 முதல் ஒவ்வொரு டெஸ்ட்டிலும் ஒரு வெளிநாட்டு அம்பயர். 2002-ல் உயர்நிலை அம்பயர்களின் எலீட் பட்டியல் வந்து இருவருமே வெளிநாட்டவர். உலகம் ஒரு வழியாகத் தன் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டது. மாவட்ட லீக்குக்கு அந்த வழி கிடையாது. கடலூர்ப் பக்கத்து ஆட்டத்துக்கு யார் பார்படாஸிலிருந்து வரப்போகிறார்கள்?

சுரங்கத்திலிருந்து வந்தவர்

அம்பயர்களில் உலகம் முழுக்கப் பெயர் தெரிந்தவர் டிக்கி பேர்ட். 2025 செப்டம்பரில் 92 வயதில் இறந்தார். அவர் நெய்வேலிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானவராக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பார்ன்ஸ்லி என்ற நிலக்கரி ஊரில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. பையனும் பள்ளியை விட்டதும் கொஞ்ச நாள் சுரங்கத்தில் வேலை பார்த்தார். பிறகு கிரிக்கெட். யார்க்ஷயருக்கு ஆடினார், ஒரு முறை ஆட்டமிழக்காமல் 181 அடித்தார், அடுத்த ஆட்டத்தில் அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஆட்டக்காரராக அவர் கணக்கு 93 முதல்தரப் போட்டிகளும் இரண்டே சதங்களும். அதோடு நின்றிருந்தால் பார்ன்ஸ்லியைத் தாண்டி அவர் பெயர் போயிருக்காது.

அம்பயராக 66 டெஸ்ட். 1975, 1979, 1983 என்று முதல் மூன்று உலகக் கோப்பை இறுதிப் போட்டிகளிலும் நின்றார். கபில் தேவ் கோப்பை வாங்கிய நாளில் மைதானத்தில் வெள்ளைக் கோட்டுடன் இருந்த இருவரில் ஒருவர். தாமதமாகிவிடுமோ என்ற பயம் அவரை வாழ்நாள் முழுக்க ஆட்டிவைத்தது. ஓவலில் ஓர் ஆட்டத்துக்கு விடிகாலையிலேயே போய், கேட் பூட்டியிருக்கச் சுவரேறி, போலீஸிடம் மாட்டிக்கொண்டார். 1974-ல் ஓல்ட் டிராஃபோர்டில் முடி கண்ணில் விழுகிறது என்று கவாஸ்கர் சொன்னதும், பந்து நூலை நறுக்க வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து அங்கேயே முடியை வெட்டிவிட்டார். கவாஸ்கர் சதம் அடித்தார்.

அவரைப் பற்றி எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு விஷயம், எல்.பி.டபிள்யூ. கொடுக்க அவர் மிகவும் தயங்குவார். துளி சந்தேகம் இருந்தாலும் நாட் அவுட். பந்துவீச்சாளர்கள் நொந்துகொண்டார்கள், ஆனாலும் மதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரித் தயங்கினார் அல்லவா? பார்ன்ஸ்லியில் அவருக்கு வைத்த சிலை விரலை உயர்த்தியபடி நிற்கிறது. அந்த விரலில் இரவோடு இரவாகக் கண்டதையும் மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்ததால் பீடத்தை உயர்த்திக் கட்ட வேண்டியதாயிற்று. உள்ளூர்க்காரருக்கு உள்ளூர் தருகிற மரியாதை அப்படித்தான் இருக்கும்.

நம்மவர்களில் அந்த உயரத்துக்குப் போனவர் எஸ்.வெங்கட்ராகவன். 1945-ல் சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர். கிண்டியில் படித்தவர்கள் எங்கள் டவுன்ஷிப்பில் நிறைய இருந்ததால், அவரை ஏதோ பக்கத்து வட்டத்துக்காரர் மாதிரிப் பேசிக்கொள்வார்கள். 19 வயதில் டெஸ்ட், அந்தத் தொடரிலேயே டெல்லியில் ஒரு இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு எட்டு விக்கெட். மொத்தம் 57 டெஸ்ட், 156 விக்கெட். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய கேப்டன். 1979 இங்கிலாந்துப் பயணம் முடிந்து திரும்பும்போது, கேப்டன் பதவி கவாஸ்கருக்குப் போய்விட்ட செய்தியை விமான ஒலிபெருக்கியில் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பார்கள். மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு எப்படி இருக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும்.

1993 ஜனவரியில், 47 வயதில் அவர் கோட்டை மாட்டினார். அதே மாதம் முதல் ஒருநாள் ஆட்டம், முதல் டெஸ்ட். ஆட்டக்காரராகக் களத்தில் கோபக்காரர் என்று பேர் வாங்கியவர், அம்பயராகச் சிரிக்கவும் மாட்டார், கத்தவும் மாட்டார். தயங்காமல் தலையை ஆட்டுவார் அல்லது விரலை உயர்த்துவார். 2002-ல் முதல் எலீட் பட்டியல் வெளியானபோது அதில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். ஓய்வு பெறும்போது கணக்கு 73 டெஸ்ட். ஆடியதைவிட நின்றது அதிகம். 1999 உலகக் கோப்பை அரையிறுதியில், ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் 213-ல் சமமாகி, டொனால்டு பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி அவுட்டான ஆட்டத்திலும் அவர் ஓர் அம்பயர். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குளூஸ்னரைச் சொல்வார்கள், டொனால்டைச் சொல்வார்கள். அம்பயர்கள் யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

வெங்கட்டுக்குப் பிறகு எலீட் பட்டியலுக்குப் போன அடுத்த இந்தியர் சென்னையைச் சேர்ந்த எஸ்.ரவி, 2015-ல். 2019 உலகக் கோப்பைக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே அம்பயரும் அவரே. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் பெரும்பாலோருக்கு ஒரே ஒரு பந்துதான் நினைவுக்கு வரும். 2019 மார்ச் 28, பெங்களூருவில் ஐ.பி.எல். ஆட்டம். மும்பைக்கு எதிராக பெங்களூருக்குக் கடைசிப் பந்தில் ஏழு ரன் வேண்டும். மலிங்கா கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார். நோ-பால். ரவி பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு பெரிய திரையில் எல்லோரும் பார்த்தார்கள். இது ஒன்றும் கிளப் கிரிக்கெட் இல்லை, அம்பயர்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்கிற பொருளில் பெங்களூரு கேப்டன் கோலி பொரிந்து தள்ளினார்.

கோலியின் கோபம் நியாயம்தான். அந்த உதாரணம்தான் எனக்கு உறுத்தியது. கிளப் கிரிக்கெட் அம்பயர் என்ன தப்பு செய்தார்? 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து பேட்ஸ்மேனை எட்ட அரை நொடிகூட ஆகாது. அதற்குள் முன்கால் கோட்டில் விழுந்ததா என்று குனிந்து பார்த்து, நிமிர்ந்து, பந்து எங்கே குத்தியது, எங்கே பட்டது, பேட்டில் உரசிய சத்தமா பேடில் பட்ட சத்தமா என்று முடிவு செய்ய வேண்டும். எலீட் அம்பயருக்கும் மேட்டிங் அம்பயருக்கும் இருப்பது அதே இரண்டு கண்தான். அந்த வருடக் கடைசியிலேயே இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் தொடரில் நோ-பால் பார்க்கும் வேலையை மூன்றாவது அம்பயரிடம் கொடுத்துச் சோதித்தார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மனிதரால் சரியாகச் செய்ய முடியாத வேலையைத்தான் நூறு வருடத்துக்கு மேலாக அவர் தலையில் கட்டியிருந்தோம் என்று அதற்கு அர்த்தம். ரவியிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

எல்.பி.டபிள்யூ.வுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. 2008-ல் இலங்கையில் இந்தியா ஆடிய டெஸ்ட் தொடரில்தான், அம்பயர் தீர்ப்பை மறுபரிசீலிக்கக் கேட்கும் டி.ஆர்.எஸ். முறை முதலில் சோதிக்கப்பட்டது. அந்தத் தொடரிலேயே நொந்துபோன நம்மவர்கள் 2016 வரை பெரும்பாலும் அதை ஒதுக்கியே வைத்தார்கள். இன்றைக்கும் பந்து ஸ்டம்பின் ஓரத்தைத்தான் உரசும் என்று கம்ப்யூட்டர் காட்டினால், 'அம்பயர்ஸ் கால்' என்று சொல்லி மறுபடியும் அதே மனிதரிடம்தான் வந்து நிற்கிறது.

நிழல் விழுந்தால் என்ன செய்வீர்கள்?

அம்பயர் ஆவது எப்படி? மாநிலச் சங்கம் நடத்தும் எழுத்துத் தேர்வு, நேர்முகம், செய்முறை. லீக் ஆட்டங்களில் பல வருடம். பிறகு இந்திய வாரியத்தின் தேர்வுகள். 2022-ல் அகமதாபாத்தில் பெண்கள், ஜூனியர் ஆட்டங்களுக்கான அம்பயர் தேர்வை வாரியம் நடத்தியது. 140 பேர் எழுதி, 3 பேர் தேறினார்கள். கேட்ட கேள்விகளில் ஒன்று: பெவிலியன் நிழலோ, மர நிழலோ, ஃபீல்டரின் நிழலோ பிட்ச்மேல் விழுகிறது என்று பேட்ஸ்மேன் புகார் சொன்னால் என்ன செய்வீர்கள்?

மரம் அடர்ந்த எங்கள் டவுன்ஷிப் அம்பயர்கள் தூக்கத்தில்கூட இதற்குப் பதில் சொல்வார்கள். மர நிழலும் கட்டட நிழலும் கணக்கிலேயே வராது. ஃபீல்டர் அசையாமல் நிற்க வேண்டும், அசைந்தால் டெட் பால். ஆனால் புத்தகத்தில் உள்ள வார்த்தைகளில், இங்கிலீஷில் எழுத வேண்டுமே. மாவட்டத்து ஆட்கள் பலர் தேங்கி நிற்பது அங்கேதான்.

மேலே போய்விட்டால் வருமானம் மோசமில்லை. 2022 வாக்கில் வாரியத்தின் உயர்நிலை அம்பயர்களுக்கு முதல்தரப் போட்டியில் ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். ஆனால் அந்த இடத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து, பஸ் செலவும் மதியச் சாப்பாடும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள்.

அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவர் என்.ஜனனி. சென்னைக்காரர், சாஃப்ட்வேர் இன்ஜினீயராக இருந்தவர். அம்பயராக வேண்டும் என்று அவர் தமிழ்நாடு சங்கத்தை முதலில் அணுகியபோது விதிகளில் பெண்களுக்கு இடமில்லை. 2015-ல் சங்கம் அந்த விதியை மாற்றியது. 2018-ல் வாரியத்தின் இரண்டாம் நிலைத் தேர்வில் தேறி, வேலையை விட்டார். 2023 ஜனவரியில் விருந்தா ரதி, காயத்ரி வேணுகோபாலன் இருவரோடும் சேர்ந்து ரஞ்சிக் கோப்பையின் முதல் பெண் அம்பயர்களில் ஒருவரானார். 2025 பெண்கள் உலகக் கோப்பையில் எல்லா அம்பயர்களும் பெண்கள்தான். ஜனனியும் அதில் இருந்தார். இருபத்திரண்டு ஆண்களுக்கு நடுவே நின்று "நாட் அவுட்" என்று சொல்லும் ஒரு பெண்ணை, அதிகாரிக்கு விரலை உயர்த்திய எங்கள் பெரியவர் பார்த்திருந்தால், எத்தனை பந்து ஆச்சு என்று மட்டும் கேட்டிருப்பார்.

1986-ல் அந்த டிரான்சிஸ்டரைச் சுற்றி நடந்த சண்டைக்கு இப்போது வருகிறேன். பேட்டில் பட்டது என்று பாதிப் பேர். ஆஸ்திரேலியாக்காரன் காசு கொடுத்துவிட்டான் என்று மீதிப் பேர். வர்ணனையாளர்கூடத் தீர்மானமாக ஒன்றும் சொல்லவில்லை. நான் அழுதேன் என்று நினைக்கிறேன். பெரியவர் நைட் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து ஏதாவது ஆறுதல் வரும் என்று நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"பட்டுச்சா படலியாண்ணே?"

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

"அம்பயர் குடுத்துட்டாருல்ல. அவுட்டு."